இழந்தால்தான் காசு: தில்லி ரிட்ஜும் நிலத்தடி நீரின் நிதிக் கணக்கும்

கரோல் பாக் என்றால் நகை, துணி, கல்யாணச் சாமான். ஊருக்குத் தெரிந்த கரோல் பாக் அதுதான். மத்திய அரசு வேலைக்குத் தில்லி வந்த தமிழர்களில் பலர் அங்கே ஒண்டுக் குடித்தனம் இருந்திருக்கிறார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று பூசா சாலையில் இன்றும் நடக்கிறது. ஆனால் அந்தப் பேட்டையின் தெற்கு ஓரத்தில் கடைவீதி சட்டென்று முடிந்து காடு தொடங்குவதைப் பற்றி அங்கே குடியிருந்தவர்களே அதிகம் பேசிக் கேட்டதில்லை. ஜண்டேவாலான் பக்கம் துக்ளக் காலத்து வேட்டை மாளிகையான பூலி பட்டியாரி மகால் நிற்கிறது. அதையடுத்து வந்தே மாதரம் சாலையின் இருபுறமும் தௌலா குவான் வரை நீள்வது மத்திய ரிட்ஜ். அரசுக் கணக்கில் அதன் பரப்பு 864 ஹெக்டேர்.

கரோல் பாக்கும் இந்தக் காடும் ஒரே திட்டத்தில் பிறந்தவை. 1911-இல் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவிப்பு வந்தது. புது தில்லிக்காக மாதோகஞ்ச், ராஜா கா பஜார், ஜெய்சிங்புரா ஆகிய இடங்களிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் கரோல் பாக்கில் குடியமர்த்தப்பட்டார்கள். மேய்ச்சலும் விறகும் தந்துவந்த மொட்டைப் பாறை மேடு 1914-இல் காப்புக்காடு ஆனது. வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னால் பசுமையான திரை ஒன்று வேண்டும் என்பது அன்றைய நோக்கம். நிலத்தடி நீரை அப்போது யாரும் நினைக்கவில்லை. இன்று ரிட்ஜைக் காப்பாற்றச் சொல்லி நீதிமன்றம் போகிற ஒவ்வொரு மனுவிலும் அந்தச் சொல் இருக்கிறது. காடு நீரைக் காக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்தக் காட்டைக் காடாகவே விட்டுவைக்க யார் பணம் தருவது என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதலில் நீர்க் கணக்கு. ரிட்ஜ் என்பது ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. பாறை குவார்ட்சைட், மிகக் கடினமானது. கிழக்கே விழும் மழை யமுனைக்கு ஓடுகிறது, மேற்கே விழுவது நஜஃப்கர் வாய்க்கால் பக்கம் இறங்குகிறது. பாறைக்குள் நீர் புகுவது வெடிப்புகள் வழியாக மட்டுமே. அதைவிட முக்கியம், மேட்டின் அடிவாரத்தில் பாறை முடிந்து வண்டல் தொடங்கும் விளிம்பு. மரமும் புதரும் இலைச்சருகும் மழையின் வேகத்தைக் குறைத்து அந்த விளிம்பில் ஊற நேரம் கொடுக்கின்றன.

இதை வைத்து ரிட்ஜ் தில்லியின் தாகத்தைத் தீர்க்கும் என்று சொல்பவர்கள் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டு மழை சுமார் 750 மில்லிமீட்டர். 864 ஹெக்டேரில் அது ஏறத்தாழ 65 லட்சம் கன மீட்டர் நீர். இத்தகைய பாறை நிலத்தில் மழையின் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்குகிறது என்பதே தாராளமான மதிப்பீடு. அப்படியே வைத்தாலும் ஆண்டுக்கு 65 கோடி லிட்டர்தான். தில்லிக்கு நாளொன்றுக்குக் குழாயில் வரும் நீர் சுமார் 1,000 மில்லியன் கேலன், அதாவது 455 கோடி லிட்டர். மத்திய ரிட்ஜின் ஓராண்டு ஊறல் முழு நகரத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்குத்தான் வரும். நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் பிரித்தால் 13,000 பேருக்கு ஆண்டு முழுவதும் போதும். ஒரு பேட்டைக்குச் சிறிய அளவு அல்ல. ஒரு மாநகரத்துக்கு ஒன்றுமே இல்லை.

அப்படியானால் ரிட்ஜை ஏன் காக்க வேண்டும்? அளவைக் காட்டிலும் தரத்துக்காக என்பது என் வாதம். கரோல் பாக்குக்கு நீர் வருவது பெரும்பாலும் யமுனைக் கரையில் உள்ள சந்திராவல் நிலையத்திலிருந்து. ஹரியானா பக்கமிருந்து வரும் ஆற்று நீரில் அம்மோனியா கூடும் நாட்களில் வஜீராபாத், சந்திராவல் நிலையங்களின் உற்பத்தி குறைக்கப்படுகிறது. நீர் குறைவாக வரும் என்று தில்லியின் குடிநீர் வாரியமான ஜல் போர்டு வெளியிடும் பட்டியலில் கரோல் பாக் பெயர் வழக்கமாக இருக்கும். அந்த நாட்களில் வீடுகளும் விடுதிகளும் போர் மோட்டாரைப் போடுகின்றன. போரில் வருவதோ, பழைய சாக்கடைக் குழாய்களின் கசிவு கலந்த நகர நிலத்தடி நீர். தில்லியின் பல பகுதிகளில் நைட்ரேட் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டுவதை மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சில இடங்களில் ஃபுளோரைடு, வடமேற்கிலும் தென்மேற்கிலும் உப்பு. இந்த நகரத்தில் சாக்கடையோ வாகன எண்ணெயோ கலக்காத மழை தரைக்குள் இறங்குகிற இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று ரிட்ஜ். அது தருகிற சிறிய அளவு சுத்த நீர், சுற்றியுள்ள அசுத்தத்தை நீர்க்கச் செய்கிறது.

மழைநீர் சேகரிப்புக் குழி வெட்டினால் போதாதா என்று கேட்கலாம். சென்னை 2003-இல் வீட்டுக்கு வீடு அதைக் கட்டாயமாக்கி நல்ல பலன் கண்டது. ஆனால் கூரையில் விழும் நீர் வேறு, தெருவில் ஓடும் நீர் வேறு. துவாரகாவின் அடுக்ககங்களில் மழைநீர்க் குழிகள் வழியாகவே கழிவு நிலத்தடியில் இறங்குகிறது என்ற புகார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்து, மாசுக் கட்டுப்பாட்டுக் குழு மாதிரிகளைச் சோதித்தபோது அந்தப் புகார் பொய்யில்லை என்று தெரிந்தது. கரோல் பாக் போன்ற நெரிசலான சந்தைப் பகுதியில் தெருத் தண்ணீரை நேராகப் பூமிக்குள் செலுத்துவது, கிணற்றுக்குள் கழிவை ஊற்றுவதற்குப் பக்கத்தில் வருகிற வேலை. குழிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது சுத்தமான திறந்த நிலத்துக்குச் செலவிடுவதே சரி.

கட்டடங்களால் மூடிய நிலத்தில் மழை எங்கே போகிறது என்பதை 2024 ஜூலை 27 காட்டியது. கரோல் பாக்கை ஒட்டிய பழைய ராஜிந்தர் நகரில், ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறை நூலகத்துக்குள் தெரு வெள்ளம் பாய்ந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். விதிமீறலும் அடைபட்ட வடிகாலும் முதற் காரணங்கள்; காடு இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்தத் தாழ்வான தெருவில் விழுந்த மழைக்குத் தரைக்குள் போக வழியே இல்லை என்பது உண்மை.

இனி பணக் கணக்கு. இந்தியாவில் காட்டு நிலத்தைக் காக்கப் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. மலை மலையாக இருக்கிறது. 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர், ஈடாக வேறிடத்தில் மரம் வளர்க்கப் பணம் கட்ட வேண்டும். காடுகள் பற்றிய கோதவர்மன் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சேர்த்தது. அழியும் காடு வருங்காலத்தில் தந்திருக்கக்கூடிய நன்மைகள் அனைத்துக்கும் இன்றைய விலை போட்டு, அந்த நிகர நிகழ்கால மதிப்பையும் கட்ட வேண்டும். அதை எப்படிக் கணக்கிடுவது என்று ஆராய்ந்தது காஞ்சன் சோப்ரா தலைமையிலான குழு. அந்த நன்மைகளில் நீர்வளமும் அடக்கம். 2022-இல் திருத்தப்பட்ட விகிதப்படி காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு ஏறத்தாழ 9.6 லட்சம் முதல் 16 லட்சம் ரூபாய். இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தொகைக்காக 2016-இல் ‘கேம்பா’ சட்டம் வந்தது. 2019 ஆகஸ்டில் 47,436 கோடி ரூபாய் 27 மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

தில்லி ரிட்ஜுக்கு இதற்கு மேலும் ஒரு தனி ஏற்பாடு உண்டு. 1994-இல் 7,777 ஹெக்டேர் ரிட்ஜ் நிலம் இந்திய வனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ரிட்ஜ் மேலாண்மை வாரியம் அமைந்தது. தலைமைச் செயலாளர்தான் அதன் தலைவர். ரிட்ஜில் எதையாவது கட்ட விரும்பும் அமைப்பு வாரியத்தையும் உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழுவையும் தாண்டி வர வேண்டும். அனுமதி கிடைத்தால் ரிட்ஜில் விழும் பகுதிக்கான திட்டச் செலவில் 5 சதவீதத்தை ரிட்ஜ் நிதிக்குக் கட்ட வேண்டும். மெட்ரோவும் சாலைத் திட்டங்களும் அப்படிக் கட்டியிருக்கின்றன.

இங்கேதான் இந்த ஏற்பாட்டின் கோணல் தெரிகிறது. காட்டைக் காக்கும் நிதிக்கு வருமானம் வரும் ஒரே வழி, காட்டின் ஒரு பகுதி போவது. ரிட்ஜ் முழுதாக இருக்கும் ஆண்டில் ரிட்ஜ் நிதிக்குப் புதுப் பணம் வராது. சாலை போனால் வரும், சுரங்கம் போனால் வரும். போதாததற்கு, ரிட்ஜ் நிலத்தைக் கேட்டு வருபவர்களில் அடிக்கடி தென்படும் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் துணைத்தலைவரும் அந்த வாரியத்தின் உறுப்பினர். யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. கணக்கேடு அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

வந்த பணமும் சரியாக நிலமாக மாறவில்லை. 2006 முதல் 2012 வரை ஈடாகப் பெற்றிருக்க வேண்டிய காடல்லாத நிலத்தில் 27 சதவீதமே கைக்கு வந்தது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2013-இல் எழுதினார். தில்லியில் ஈடு கொடுக்க நிலமே கிடைப்பதில்லை. ஒரு மரத்துக்குப் பத்து மரம் என்று தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பத்துக் கன்றுகளையும் தொலைவில் ஓர் உவர் நிலத்தில் நட்டால் மரக்கணக்கு நேராகிவிடும். நீர்க் கணக்கு நேராகாது. ரிட்ஜின் அடிவாரத்தில் ஊறிய மழை அந்த அடிவாரத்துக் கிணறுகளுக்கே உரியது. அதை வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது.

2024 பிப்ரவரியில் தென் ரிட்ஜின் சத்பரியில், துணை ராணுவத்தினருக்கான மருத்துவமனைக்குச் சாலை போட 1,100 அளவில் மரங்கள் அனுமதியின்றி வெட்டப்பட்டன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதை அவமதிப்பு என்று தீர்ப்பளித்து, சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. 185 ஏக்கரில் காடு வளர்க்கவும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாலை அகலமானதால் பயனடைந்த வசதியானவர்களிடம் ஒருமுறை வரி வசூலிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அதுவரை அழிப்பவர் மட்டுமே கட்டிவந்தார். பயனடைபவரும் கட்டட்டும் என்ற எண்ணம் முதன்முறையாக உள்ளே நுழைந்தது, அழிவுக்குப் பிறகுதான் என்றாலும்.

சட்டப்படி அனுமதி கேட்டு வரும் பெரிய திட்டங்களாவது பணம் கட்டுகின்றன. ஓசையில்லாமல் அரிக்கப்படும் நிலத்துக்கு அதுவும் இல்லை. கரோல் பாக் முனையில் மெட்ரோவில் போகிற எவர் கண்ணிலும் படுவது 108 அடி அனுமன் சிலை. அங்குள்ள ஆக்கிரமிப்புகளைப் பற்றிய வழக்கில் 2017-இல் தில்லி உயர் நீதிமன்றம், சிலையை வான்வழியாகத் தூக்கி வேறிடம் மாற்ற முடியுமா என்று கேட்டது. அந்தக் கேள்வி நாடு முழுவதும் செய்தியானது. பின்னணியில் இருந்த நிலப் பிரச்சினை செய்தியாகவில்லை. வனத்துறை, தில்லி வளர்ச்சி ஆணையம், மத்திய அரசின் நில அலுவலகம், ராணுவம் என்று பல கைகளில் கிடக்கும் நிலத்துக்கு எல்லைக்கல் நடுவதே பாதிப் பாதுகாப்பு. அந்த வேலை முப்பது ஆண்டுகளாக இழுத்தது. எல்லையை அளந்து முடிக்கச் சொல்லி 2021-இல் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதிக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் ரிட்ஜ் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தரும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதுவரை முப்பது வருஷம் அது வெறும் நிர்வாக உத்தரவில் நின்ற குழு.

காட்டைப் பராமரிக்க எவ்வளவு ஆகும் என்பதற்கும் மத்திய ரிட்ஜிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. அங்குள்ள காட்டில் பெரும்பகுதி விலாயத்தி கீக்கர். தமிழ்நாட்டில் இதைச் சீமைக் கருவேலம் என்போம். புது தில்லி கட்டிய காலத்தில் ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர்கள் பாறையை விரைவில் பச்சையாக்க இதைக் கொண்டுவந்தார்கள். ராமநாதபுரத்துக்காரர்கள் அந்தக் காட்டுக்குள் போனால் ஊருக்கு வந்துவிட்டதாகவே நினைப்பார்கள். நம்மூரில் இந்த மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற கோபம் பெரிது. 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது பொக்லைன்கள் மாவட்டம் மாவட்டமாக இறங்கின. தில்லியில் தாவரவியலாளர் சி.ஆர். பாபு சொன்ன வழி வேறு: வேரோடு பிடுங்காமல் கிளைகளை மேலே தூக்கி வெட்டி வெளிச்சத்துக்கு வழிவிட்டு, அதன் நிழலிலேயே வெள்வேல், புரசு, தௌ போன்ற மண்ணின் மரங்களை வளரவிட்டு, கீக்கரை மெல்ல ஓரங்கட்டுவது. சரிவான பாறை நிலத்தில் ஒரே நாளில் மரத்தை அகற்றினால் அடுத்த மழையில் இருக்கிற மண்ணும் போய்விடும் என்பதால் இதுதான் நீருக்கும் நல்லது. 2021-இல் மத்திய ரிட்ஜில் 423 ஹெக்டேருக்கு இப்படி ஒரு திட்டம், சுமார் 12 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. ஹெக்டேருக்கு மூன்று லட்சத்துக்கும் குறைவு. அதே ஒரு ஹெக்டேரை அழிக்க அனுமதி வாங்கினால் கட்ட வேண்டிய நிகர நிகழ்கால மதிப்பு மட்டும் இதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு. அழிக்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட பணத்தில் பராமரித்துவிடலாம். ஆனால் அந்தப் பணத்துக்கு ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

வேறு விதமாகவும் பணம் திரட்டலாம் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல உதாரணம் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ. (நியூயார்க் நகரம் 1997-இல் பல நூறு கோடி டாலர் வடிகட்டு நிலையத்தைத் தவிர்க்க கேட்ஸ்கில் மலைப்பகுதி நிலங்களுக்குப் பணம் போட்டதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள்; அது ஆற்று நீர், நம் பேச்சு நிலத்தடி நீர்.) சான் அன்டோனியோ நம்பியிருப்பது எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கி என்ற சுண்ணாம்புப் பாறையை. வெடிப்பும் குகையும் நிறைந்த அந்தப் பாறையில் மழை வடிகட்டப்படாமலே மளமளவென்று இறங்கும். மேலே வீட்டுமனை வந்தால் கீழே கிணற்றில் அது தெரியும். எனவே 2000-இல் அந்நகர மக்கள் வாக்களித்து, ஒரு டாலர் விற்பனைக்கு எட்டில் ஒரு சென்ட் கூடுதல் வரி ஏற்றுக்கொண்டார்கள். நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டரை காசு. 2005, 2010, 2015 என்று மறுபடியும் மறுபடியும் வாக்களித்து நீட்டினார்கள். அந்தப் பணத்தில் முதலில் சில நிலங்களை வாங்கினார்கள். பிறகு பெரும்பாலும் செய்தது வேறு: பண்ணையாரிடம் நிலத்தை விட்டுவிட்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அவர் மாடு மேய்க்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், விற்கலாம். வாங்குகிறவரும் கட்ட முடியாது. இருபது ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படிப் பாதுகாக்கப்பட்டது. 2020-இல் விற்பனை வரியை வேறு தேவைகளுக்கு மாற்றிக்கொண்டபோது, நிலப் பாதுகாப்புச் செலவு நகரத்தின் நீர் நிறுவனத்திலிருந்து வரும் பணத்துக்கு மாறியது. நீர் குடிப்பவரின் கட்டணத்திலிருந்து நீர் ஊறும் நிலத்துக்குப் பணம் போகிறது.

இதற்கு நெருக்கமாகத் தில்லியே ஒருமுறை வந்திருக்கிறது. அது ரிட்ஜில் நடக்கவில்லை. வட எல்லையில் பல்லா அருகே, யமுனை வெள்ளச் சமவெளியில். அந்த மணற்படுகையில் ஜல் போர்டுக்கு நூற்றுக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. விக்ரம் சோனி என்ற இயற்பியலாளர் வெள்ளச் சமவெளிகளை நகரங்களின் நீர்க் களஞ்சியமாகக் கருத வேண்டும், அதற்குரிய வருமானத்தை உழவர்களுக்குத் தர வேண்டும் என்று பல ஆண்டுகளாக எழுதிவந்தார். ரிட்ஜைக் காக்கும் போராட்டங்களிலும் முன்னின்றவர் அவர். 2019-இல் தில்லி அமைச்சரவை ஒரு சோதனைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பருவமழையில் யமுனை கரைபுரளும்போது வரும் நீரைப் பெரிய, ஆழமில்லாத குளங்களில் நிறுத்தி ஊறவிடுவது. நிலம் தரும் உழவருக்கு ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 77,000 ரூபாய் வாடகை. சுங்கர்பூர் அருகே 26 ஏக்கரில் குளம் வெட்டப்பட்டது. சுற்றுவட்ட அளவுக் கிணறுகளில் நீர்மட்டம் அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை ஏறியதாக அரசு அறிவித்தது. பிறகு ஆயிரம் ஏக்கருக்கு விரிவாக்குவதாகப் பேச்சு வந்தது. ஆண்டுகள் போயும் அது பேச்சாகவே இருக்கிறது.

பாறைக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே பார்க்க வேண்டும். ஆற்று மணல் தன் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்கு நீரை வாங்கித் திருப்பித் தரும். ஆயிரம் ஹெக்டேர் சமவெளியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் 200 கோடி லிட்டர். மத்திய ரிட்ஜின் ஓராண்டு ஊறலைப்போல் மூன்று மடங்கு. பல்லா வாடகை விகிதத்தில் அந்த ஆயிரம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 19 கோடி ரூபாய் ஆகும். பெரிய தொகைபோலத் தெரியும். தில்லிக்கு விநியோகமாகும் நீரில் சுமார் பாதிக்குத்தான் கட்டணம் வசூலாகிறது. அந்தப் பாதியில் ஆயிரம் லிட்டருக்கு 25 காசு கூடுதலாக வாங்கினால் இந்தத் தொகை வந்துவிடும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் மத்திய ரிட்ஜின் பராமரிப்பும் அடங்கிவிடும்.

தமிழ் வாசகருக்கு இதில் புதுமை இருக்கக் கூடாது. சோழர், பல்லவர் காலக் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்ற நிலம் வருகிறது. அதன் விளைச்சல் ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் மட்டுமே. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து ஏரி வாரியம், அந்த வரவுசெலவைப் பார்க்க ஊரார் குடவோலையில் தேர்ந்த குழு. ஏரி உடைந்தபோது வசூலித்த பணம் அல்ல அது. ஏரி நன்றாக இருக்கும்போதே ஆண்டுதோறும் வந்த பணம். கேம்பாவுக்கு இல்லாதது இந்த ஒன்றுதான்.

கரோல் பாக்கில் யாரிடம் வாங்குவது? சான் அன்டோனியோ மாதிரி அஜ்மல் கான் சாலைக் கடைகளின் விற்பனையில் எட்டில் ஒரு பங்கு காசு போட முடியாது. சரக்கு சேவை வரி வந்தபின் உள்ளூர் விற்பனை வரி என்று எதுவும் மிச்சமில்லை. குடிநீர்க் கட்டணத்தில் சேர்ப்பதற்கு இன்னொரு தடை: 2015 முதல் மாதம் 20,000 லிட்டர் வரை தில்லி வீடுகளுக்கு இலவசம். அதை எடுக்கும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் கிடையாது, எடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மீதி இருப்பது இலவச வரம்பைத் தாண்டுபவர்களும், வணிகப் பயன்பாட்டாளர்களும், போர் வைத்திருப்பவர்களும். 2010 முதல் தில்லியில் அனுமதியின்றி ஆழ்துளைக் கிணறு தோண்டக் கூடாது. பக்கத்துப் பேட்டையான பஹாட்கஞ்சின் விடுதிகள் அனுமதியின்றி நிலத்தடி நீர் எடுப்பதைப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. கரோல் பாக்கிலும் விடுதிகளுக்குக் குறைவில்லை. 2024 மதிப்பீட்டின்படி தில்லி, ஆண்டில் எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் 100.77 சதவீதத்தை எடுத்தது. அனுமதி கொடுத்து, மீட்டர் வைத்து, எடுக்கும் அளவுக்குக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தை ரிட்ஜ், வெள்ளச் சமவெளி என்ற இரண்டு கணக்குகளில் மட்டுமே செலவிட முடியும் என்று பூட்டுவது நடக்கக்கூடியது. மூடி முத்திரை வைப்பதாக மிரட்டுவதைவிட அதிகம் வசூலாகும்.

பூசா வளாகத்தையும் கணக்கில் சேர்க்கலாம். பிகாரின் பூசாவில் 1934 நிலநடுக்கத்தில் இடிந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1936-இல் கரோல் பாக்கின் மேற்கே வந்தது. சுமார் 500 ஹெக்டேர் வண்டல் நிலம், இன்றும் வயலாக இருக்கிறது. பாறையான ரிட்ஜைவிட ஹெக்டேருக்கு ஹெக்டேர் அதிகம் ஊறக்கூடிய மண். பக்கத்துக் குடியிருப்பின் கழிவுநீரை நாணல் படுகையில் சுத்தப்படுத்திப் பாசனத்துக்கு விடும் ஏற்பாடும் அங்கே நடக்கிறது. போர் நீர் அந்த அளவுக்கு மிச்சம். வயல்வெளி என்பதால் இதைக் காடுபோல யாரும் காக்கக் கிளம்புவதில்லை. வனச் சட்டத்தின் பாதுகாப்பும் இதற்கு இல்லை.

வாடகை முறையில் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. யமுனைச் சமவெளியில் உழுபவர் எல்லோரும் நில உரிமையாளர் அல்லர். குத்தகைக்காரரும் அவரிடம் உள்குத்தகை எடுத்தவரும் உண்டு. தெற்கே வரவர நிலம் வளர்ச்சி ஆணையத்துடையதாகி, உழுபவர் ஆக்கிரமிப்பாளர் என்றே அழைக்கப்படுகிறார். ஏக்கருக்கு 77,000 ரூபாய் பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகும். முள்ளங்கியும் கீரையும் பயிரிட்டுவந்தவர் வேறு வேலை தேட வேண்டியதுதான். பல்லாவில் 26 ஏக்கரில் இது பெரிய பிரச்சினையாகத் தெரியாது. ஆயிரம் ஹெக்டேருக்குப் போகும்போது, வாடகையை உரிமையாளருக்கும் உழுபவருக்கும் எந்த விகிதத்தில் பிரிப்பது என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.